மேல்மாடிக் கம்பிகள்

ஆண்டவரே,
முப்பத்திரண்டு கம்பிகள் நிற்கின்றன
என் வீட்டுத் தலையில்.
பள்ளத்தோட்டத்து உப்புக்காற்று
அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எஞ்சின்.
நிலாவெளியில் மணல் குடித்த யமஹா,
கொட்பே வாடியில் பிஸ்டன் இறுகிய சுசுக்கி,
மூதூர்க்காரர் ஒருவர்
மூன்று தவணையில் தந்த காசு.
நகக்கண்ணில் கிறீஸ் இன்னும் இருக்கிறது.
மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்காமல்
எந்தத் தகப்பன் இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தான்?
மேலே எமரன்சியாவும் அவள் புருஷனும்,
கீழே நானும் புளோரன்சும்.
படி உள்ளாலா வெளியாலா என்று மேசன் கேட்டபோது
வெளியால் என்றேன்,
மருமகன் கூச்சப்படாமல் வந்து போகட்டும் என்று.

நான் கேட்டது ஒரு மருமகன்.
குடியாதவனாய் இருந்தால் நல்லது என்றேன்.
குடித்தாலும் அளவாக என்று
பிறகு நானே இறங்கி வந்தேன்.
நீர் இறங்கவில்லை.

கச்சான் அனலாய் அடித்த ஒரு மத்தியானம்
மீன் பொரித்த தாச்சியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"அப்பா, நான் மடத்துக்குப் போறன்."
சந்தைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல.
எவன் ஏமாற்றினான் என்று கேட்டேன்.
சிரித்தாள்.
மூன்று கிழமை நான் அவளோடு பேசவில்லை.

பங்குச் சுவாமி கூப்பிட்டுச் சொன்னார்:
"கையை விடும், றேமன். வள்ளம் போல விட்டுக்கொடும்,
அவர் கொண்டுபோவார்."
சுவாமி நல்லவர்.
ஆனால் எஞ்சின் செத்த வள்ளத்தில்
ஓர் இரவு இருந்ததில்லை அவர்.
நான் இருந்திருக்கிறேன்,
வெளிச்சவீடு சின்னப் பொட்டாய்த் தேய,
கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை உரிய.
விட்டுக்கொடுத்தல் என்றால் அங்கே
வாந்தி, பயம், வாளியால் தண்ணீர் இறைத்தல்.
விடியுமட்டும் இறைத்தேன்.
நீரோட்டம் கரை சேர்த்தது உண்மைதான்.
நான் கேட்ட கரையில் அல்ல.

பூசையில் எல்லாரும் ஒரே மூச்சில் சொல்லும் செபத்தில்
உம் சித்தம் என்கிற இடம் வரும்போது
தொண்டையைச் செருமுவேன்.
அன்றாட உணவு கேட்கிற இடத்தில்தான்
மறுபடி சேர்ந்துகொள்வேன்.
பக்கத்தில் நிற்கும் புளோரன்சுக்குத் தெரியும்.
உமக்கும்.

தை மாதம், ஐந்தேகால் பஸ்.
இருட்டில் பஸ் நிலையத்து மான்கள்
பழத்தோல் தேடி வந்து நின்றன.
அவள் பையை நான்தான் தூக்கினேன்.
பாரமே இல்லை.
இருபத்துமூன்று வருடம் வளர்த்த பிள்ளை
எடுத்துப்போக இவ்வளவுதானா என் வீட்டில்?
அதற்குத்தான் அழுதேன், ஆண்டவரே.
உம்முடைய அழைப்பை நினைத்து அல்ல.

ஒரு மான் கிட்ட வந்து
அவள் சாப்பாட்டுப் பார்சலை முகர்ந்தது.
பிரித்து, பாதியை அதற்கு வைத்தாள்.
எப்போதும் அப்படித்தான்,
கேட்டால் கொடுத்துவிடுவாள்.
சின்ன வயதில் பெரிய வெள்ளிகளில்
என் காசைத் தந்து
வாசலில் இருப்போர் கையில் போடவைத்து
அதைப் பழக்கியவன் நான்தான் என்று
பஸ் மறைந்த பிறகு நினைவு வந்தது.

நேற்று அரம்வாளோடு மேலே ஏறினேன்.
ஒரு கம்பி அறுத்தேன். இன்னொன்று.
கை ஓய்ந்தது.
மற்றவற்றில் புளோரன்ஸ் கொடி கட்டியிருக்கிறாள்,
என் சேட்டும் அவள் சீலையும் காற்றில் அடித்தன.
யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு
அந்த வரியைச் சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன்.
பாதி வந்தது.

முப்பத்திரண்டில் இரண்டு.
மிச்சத்துக்கு அவசரப்படுத்தாதேயும்.
ஐப்பசி வானம் இருட்டுகிறது.
உடுப்பு எடுக்க வேண்டும்.